மண்குளவி கூடு கட்டுவது எப்படி: முதல் உருண்டையிலிருந்து கடைசித் துளை வரை

டியூப்லைட் பட்டிக்கு மேலே, சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால், பல மாதம் தொடாத பையின் மடிப்பில் யாரோ சேற்றை அள்ளி வீசியது போல ஒரு மண்கட்டி ஒட்டியிருக்கும். பார்த்ததும் சுரண்டத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். அதில் எத்தனை அறை, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, உள்ளே உயிர் இருக்கிறதா, குடி போய்விட்டதா என்பதையெல்லாம் அந்தக் கட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்குக் கூடு கட்டும் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

யார் கட்டுவது

நம் வீடுகளில் மண்ணால் கட்டுபவை பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது, நீள நீளமான அறைகளைச் சுவரில் பக்கம் பக்கமாக அடுக்கும் கறுப்பு மஞ்சள் குளவி. சுமார் 2 செ.மீ. நீளம் இருக்கும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மஞ்சள் நூலை இழுத்துக் கட்டியது போல் மெல்லிய இடை. இதன் அறிவியல் பெயரிலேயே சென்னை இருக்கிறது: ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்படானம். டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1781இல் வைத்த பெயர். இதன் இன்னொரு உறவுக்குச் சோழமண்டலக் கரையின் பெயரால் ‘கோரமாண்டலிகம்’ என்று பெயர். இரண்டாவது வகை பானைக் குளவி. குட்டிப் பானை போல வாய் விரிந்த கூடு கட்டும். குயவன் குளவி என்றும் சொல்வதுண்டு.

இரண்டுக்கும் ராணி கிடையாது, வேலைக்காரக் கூட்டம் கிடையாது. கூடு முழுவதும் ஒரே ஒரு பெண் குளவியின் உழைப்பு. ஆண் ஒரு உருண்டை மண்கூடச் சுமப்பதில்லை. அதனால்தான் கூட்டருகே போனால் கும்பலாகப் பாய்ந்து யாரும் கொட்ட வருவதில்லை. கதண்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கதண்டின் கூடு மண் அல்ல. மரப்பட்டையை மென்று செய்த காகிதம் போன்ற பெரிய உருண்டை. அதைக் கண்டால் கிட்டே போகாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல.

இனி நீள அறை கட்டும் குளவியை முதலில் பார்ப்போம். பானைக்காரி பிறகு வருவாள்.

1. இடம் பிடித்தல்

மழை படக் கூடாது, வெயில் நேராக அடிக்கக் கூடாது, மண் பிடிக்கிற சொரசொரப்பு வேண்டும், பறந்து உள்ளே வரவும் போகவும் திறப்பு வேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கம், ஓட்டு வீட்டுக் கைமரம், மாட்டுக் கொட்டகை விட்டம், எப்போதும் திறந்திருக்கும் ஜன்னலுள்ள அறை எல்லாம் தோதானவை. பக்கத்தில் ஈரமண் கிடைக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. சொட்டுகிற குழாயடியோ, துணி துவைக்கும் கல்லோ, பூந்தொட்டித் தட்டோ இருந்தால் போதும்.

இடத்தைத் தேர்ந்தபின் குளவி நேராகப் போய்விடாது. இடத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிப் பறந்து, இடமும் வலமுமாக அரைவட்டம் போட்டு, சுற்றியுள்ள அடையாளங்களை மனதில் பதித்துக்கொள்ளும். அதன் நினைவில் இருப்பது கூடல்ல, இடம். ஹெல்மெட்டில் கட்டத் தொடங்கியிருந்து, அந்த ஹெல்மெட்டை இரண்டடி தள்ளி வைத்தால், மண்ணோடு வரும் குளவி பழைய இடத்திலேயே காற்றில் தடுமாறிக்கொண்டிருக்கும். பக்கத்திலிருக்கும் தன் கூட்டை அது கண்டுகொள்ளாது.

2. மண் எடுத்தல்

வேலையின் தரம் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்தக் குளவி தண்ணீர் சுமந்து மண்ணைக் குழைப்பதில்லை. ஏற்கெனவே ஈரமாயிருக்கும் மண்ணைத்தான் தேடும். தண்ணீருக்கு மிக அருகிலிருக்கும் கூழ்ச்சேறு அதற்கு ஆகாது, விளிம்பில் காய்ந்த மண்ணும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே, விரலால் அழுத்தினால் ரேகை பதிகிற அளவு ஈரமுள்ள பட்டையில்தான் இறங்கும்.

இறங்கியதும் தலை கீழே, வயிறு மேலே. இறக்கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாடையால் மண்ணைச் சுரண்டும். முன்கால்கள் அதை உருட்டிச் சேர்க்கும். உற்றுக் கேட்டால் ‘ஙீ…’ என்று மெல்லிய ரீங்காரம் கேட்கும். பறக்கும் ஒலியல்ல அது. இறக்கைத் தசைகளை அதிரவைத்து, அந்த அதிர்வைத் தாடை வழியாக மண்ணுக்குள் செலுத்துகிறது. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் விடுகிறார்களே, அதே வேலைதான்: கெட்டியான கலவை அதிர்வில் இளகி ஓடும், அதிர்வு நின்றதும் இறுகும். ஒரு நிமிடத்துக்குள் பச்சைப்பயறு அளவு உருண்டை தயாராகிவிடும். அதைத் தாடையில் கவ்விக்கொண்டு கிளம்பும்.

களியும் நுண்மணலும் கலந்த மண் நன்றாக நிற்கும். மணல் மிஞ்சினால் உதிரும். வெறும் களியானால் காயும்போது சுருங்கி வெடிக்கும். வேலையை அருகிலிருந்து பார்க்க ஆசையிருந்தால் நீங்களே மண் வைக்கலாம். ஒரு அடி அகலத் தட்டில் இரண்டு பங்கு களிமண், ஒரு பங்கு நுண்மணல் கலந்து 3 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு ஓரத்துக்கு அடியில் சிறு கல் வைத்துச் சாய்த்து, தாழ்ந்த பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டின் நடுவில் எங்காவது சரியான ஈரம் தானாக அமைந்துவிடும். நிழலில் வையுங்கள், மதியம் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். கட்டட வேலை நடந்த இடத்து மண் வேண்டாம், சிமென்ட் கலந்திருக்கும்.

மண்ணோடு வேறு பொருள்களும் சேர்ந்து வருவதுண்டு. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் காட்டுத்தீயின் கரித்தூள் இப்படித்தான் கூட்டு மண்ணில் கலந்தது. அங்குள்ள பாறை ஓவியங்களுக்கு அடியிலும் மேலும் இருந்த பழைய குளவிக்கூடுகளின் கரியை ரேடியோ கார்பன் முறையில் ஆராய்ந்து, ஒரு கங்காரு ஓவியம் ஏறத்தாழ 17,300 ஆண்டு பழையது என்று 2021இல் அறிவித்தார்கள். ஓவியத்துக்கு அடியில் இருக்கும் கூடு ஓவியத்தைவிட மூத்தது, மேலே இருப்பது இளையது என்பதுதான் கணக்கு. மழை படாத இடமாக இருந்தால் மண்கூடு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் இதுவே சாட்சி.

3. அடித்தளமும் வளைவுகளும்

முதல் சில உருண்டைகள் சுவரோடு சுவராக மெல்லிய பூச்சாகப் போய்விடும். அதன்மேல்தான் அறை எழும். ஒவ்வொரு உருண்டையும் ஒரு வளைவு. குளவி உருண்டையை ஓரத்தில் வைத்து, மறுபடி ரீங்கரித்து, மண் இளகியதும் தாடையால் பட்டையாக இழுத்துக்கொண்டே பின்னோக்கி நகரும். ஒரு வளைவு இடப்பக்கமிருந்து முதுகு வரை வரும், அடுத்தது வலப்பக்கமிருந்து. இரண்டும் நடு முதுகில் சாய்வாகச் சந்திக்கும். அதனால்தான் புதிய அறையின் மேல் மீன்முள் போன்ற வரிகள் தெரிகின்றன. ஒரு வரிக்கு ஒரு நடை. வரிகளை எண்ணினால் நடைக் கணக்கு கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்.

வெளியே வரிவரியாக விட்டாலும் உட்புறத்தை அப்படி விடுவதில்லை. தலையை உள்ளே நுழைத்து வழவழப்பாகத் தேய்த்துவிடும். உள்ளே வளரப்போவது மென்தோல் புழு.

முடிந்த அறை சுமார் 2.5 முதல் 3 செ.மீ. நீளமும், சுண்டுவிரல் நுனி நுழைகிற அகலமும் உள்ள குழாய். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். இதற்கு 20 முதல் 40 நடை ஆகும். மண் பக்கத்திலேயே கிடைத்தால் ஒரு நடைக்கு ஒன்றிரண்டு நிமிடம். ஆக, ஓரிரு மணி நேரத்தில் ஒரு அறை எழுந்துவிடும். மண் தூரமானால் நாள் பூராவும் இழுக்கும்.

4. இரை நிரப்புதல்

அறை தயாரானதும் நடையின் நேரம் மாறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தால் மண் வேலை. கால் மணி, அரை மணி காணாமல் போய், வரும்போது அடியில் கால்கள் தொங்கினால் வேட்டை தொடங்கிவிட்டது. ஊருக்கு ஊர் இதை வேட்டுவன் என்று சொல்வது சும்மா இல்லை.

இந்தக் குளவிக்குச் சிலந்திதான் இரை, வேறெதுவும் அல்ல. வலைச் சிலந்தி, பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்தி, தாவும் சிலந்தி எல்லாம் அகப்படும். கொடுக்கைச் சிலந்தியின் நரம்பு மையத்தில் இறக்கும். சிலந்தி சாவதில்லை, அசையவும் முடியாது. செத்தால் சில நாளில் அழுகும் அல்லது வறண்டுவிடும். மரத்துக் கிடந்தால் பல நாள் கெடாது. சிலந்தி பெரிதானால் ஆறேழு போதும், சிறிதானால் இருபதுக்கும் மேல் அடைக்கும்.

முட்டை ஒன்றே ஒன்று. கடைசியில் வைப்பாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை, தொடக்கத்தில் கொண்டுவரும் சிலந்தியின் வயிற்றில் ஒட்டிவிடுவாள். வெள்ளை நிறம், சற்றே வளைந்த, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள முட்டை. அதன்மேல் மற்ற சிலந்திகள் குவியும். இதில் ஒரு வசதி உண்டு: பொரித்த புழு அறையின் அடியிலிருந்து, அதாவது மிகப் பழைய சரக்கிலிருந்து தின்னத் தொடங்குகிறது. முதலில் வந்தது முதலில் தீர்கிறது.

அறை நிரம்புமுன் பொழுது சாய்ந்தால், வாயில் மெல்லிய மண் திரை போட்டுவிட்டுப் போகும். மறுநாள் அதைப் பிய்த்துவிட்டு வேலையைத் தொடரும். இந்தத் தற்காலிகத் திரையை மூடி என்று நினைத்து, ‘இன்னும் முடியாத அறை ஏன் மூடியிருக்கிறது’ என்று குழம்புபவர்கள் உண்டு. திரை மெல்லியது, தட்டையானது. நிரந்தர மூடி தடித்தது, பல உருண்டை மண் சேர்ந்தது.

“குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும்” என்ற பழைய நம்பிக்கையின் வேர் இங்கேதான். வேறொரு உயிரை உள்ளே தள்ளி அடைத்ததைக் கண்ணால் பார்த்தார்கள்; சில வாரம் கழித்து உள்ளிருந்து குளவி வந்ததையும் பார்த்தார்கள். இரண்டுமே சரியான கவனிப்பு. அடியில் ஒட்டிய முட்டைதான் கண்ணில் படவில்லை.

5. மூடி, அடுத்த அறை, மேல்பூச்சு

மூடி போட்டதும் பக்கத்திலேயே அடுத்த அறை. முந்தைய அறையின் சுவரே இதற்கு ஒரு பக்கச் சுவர். நாலைந்து அறையோடு நிற்கும் கூடும் உண்டு, பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவதும் உண்டு. கடைசி அறை மூடியபின் மொத்தத்துக்கும் மேல்பூச்சு. இதில் அழகு பார்ப்பதில்லை. உருண்டைகளை அப்படியே அப்பிவிடும். மீன்முள் வரிகள் மறைந்து, நாம் முதலில் பார்த்த சேற்றுக் கட்டி வடிவம் இப்போதுதான் வருகிறது. பிறகு தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டைச் சுற்றியே குளவி வட்டமிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

6. உள்ளே நடப்பது

முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். புழு ஒன்றிரண்டு வாரத்தில் சிலந்திகளைத் தீர்த்துவிட்டு, பழுப்பு நிறத்தில் காகிதம் போன்ற உறையைப் பின்னிக்கொள்ளும். அதுவரை கழிவே வெளியேற்றாத புழு, உறை பின்னியபின் மொத்தக் கழிவையும் ஒரு முனையில் கறுப்புக் கட்டியாகத் தள்ளிவிடும். பிறகு கூட்டுப்புழு நிலை. வெப்பமான மாதங்களில் எல்லாம் சேர்த்து ஒரு மாதத்தை ஒட்டிக் குளவி தயாராகும்; காலநிலை ஒத்துவராவிட்டால் புழுவாகவே உறைக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். வெளியேறும்போது மண்ணை எச்சிலால் நனைத்துத் தாடையால் வட்டமாகக் கடித்துத் துளை போடும்.

பானைக் குளவியின் முறை

இவளுடைய செய்முறை பல இடங்களில் நேர்மாறு. ஈரமண்ணைத் தேட மாட்டாள். தண்ணீரை இரைப்பையில் நிரப்பிக்கொண்டு போய், காய்ந்த மண்ணில் துப்பிக் குழைத்து உருண்டை செய்வாள். ஆகவே மண் குழி ஒரு இடத்திலும் தண்ணீர் இன்னொரு இடத்திலும் இருக்கும். செடிக்குச்சியிலோ சுவரிலோ உருண்டைப் பானையை எழுப்பி, வாயை வெளிப்பக்கம் விரித்து விளிம்பு வைப்பாள். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும்.

இரை சிலந்தியல்ல, பச்சைப் புழுக்கள். அதைவிட முக்கியமான வேறுபாடு முட்டை. அறை காலியாக இருக்கும்போதே உட்கூரையிலிருந்து ஒரு மெல்லிய இழையில் முட்டையைத் தொங்கவிடுவாள். பிறகுதான் புழுக்கள் வரும். அரைகுறையாக மரத்த புழு நெளிந்தாலும் முட்டை நசுங்காது. பானையைத் திறந்து பார்க்க நினைப்பவர் மேல்பக்கம் கை வைத்தால் முட்டை போய்விடும். பக்கவாட்டில்தான் வெட்ட வேண்டும்.

எங்கே கெடுகிறது

ஓதம் ஏறிய சுவரில் கட்டினால், பூச்சே உரிந்து கூடு மொத்தமாக விழும். மழைச்சாரல் பட்டால் மேல்பூச்சு கரைந்து அறை திறந்துவிடும். இவை சிறு இழப்புகள். பெரிய இழப்பு திருட்டாலும் ஒட்டுண்ணியாலும் வருகிறது. இரையைச் சுமந்து வரும் குளவியின் பின்னாலேயே ஒரு சாம்பல் நிற ஈ நிழல் போல வந்து உட்கார்ந்திருக்கும். அறை திறந்திருக்கும் நொடியில் தன் குஞ்சுகளை உள்ளே விட்டுவிடும். பச்சையும் நீலமுமாக மினுங்கும் குளவி ஒன்று மண்ணைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மெலிட்டோபியா என்ற நுண்குளவி புகுந்தால், ஒரே புழுவின் மேல் நூற்றுக்கணக்கில் பெருகி முழு அறையையும் காலி செய்துவிடும்.

இவ்வளவு தேர்ந்த கொத்தனாருக்கு ஒரு வேலை மட்டும் தெரியாது: முடித்ததைச் சரிபார்ப்பது. பிரான்ஸில் பூச்சியியலாளர் ஜான் ஆன்றி ஃபாப்ர் 19ஆம் நூற்றாண்டில் இதைச் சோதித்தார். மேல்பூச்சு நடக்கும்போது கூட்டையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார். குளவி மண்ணோடு வந்து, கூடு இருந்த வெற்றுச் சுவரையே பூசிக்கொண்டிருந்தது. வேலையின் அடுத்த கட்டம் பூச்சு என்றால் பூச்சுதான்.

கட்டியைப் படிப்பது

கறுத்து ஈரமாக இருந்தால் இன்றைய வேலை. மீன்முள் வரி தெரிந்தால் இன்னும் கட்டப்படுகிறது, அல்லது பாதியில் கைவிடப்பட்டது; இரண்டு நாள் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வரி மறைந்து துளையே இல்லாமல் காய்ந்திருந்தால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்தில் விளிம்பு சுத்தமான வட்டத் துளை என்றால் அந்த அறைக் குளவி போய்விட்டது. குண்டூசி குத்தியது போன்ற துளையானால் போனது நுண்குளவிகள்; உள்ளே புழு பிழைத்திருக்காது. எத்தனை அறையோ அத்தனை வட்டத் துளை வந்தால்தான் கூடு முழுதும் காலி.

பழைய துளையை மறுபடி மண் வைத்து அடைத்திருந்தால் புதுக் குடி வந்திருக்கிறது. உலோக நீலத்தில் மின்னும் இன்னொரு குளவி சொந்தமாகக் கட்டாமல் இப்படிப் பழைய அறையில் குடியேறும்.

எடுக்கும் முறை

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும், கலைக்கக் கூடாது என்பார்கள். காரணம் எதுவானாலும், துளைகள் வரும்வரை விடுவதே நல்லது என்பதுதான் எங்கள் கருத்தும். சிலந்தி குறையும், கொட்டும் பயமும் இல்லை. கையால் பிடித்து நசுக்கினால் மட்டுமே கொட்டும்.

எடுக்கும்போது பட்டி பார்க்கும் தகட்டைச் சுவரோடு படுக்கவைத்து ஓரத்திலிருந்து நெம்புங்கள். சிமென்ட் சுவரானால் முன்னதாகத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடலாம். டிஸ்டம்பர் அடித்த சுவரில் தண்ணீர் கூடாது: செம்மண் கரைந்து நிறம் உள்ளே ஏறிவிடும். உலர்ந்தபடியே பெயர்த்து, மிச்சத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். முழுதாகப் பெயர்ந்தால் திருப்பிப் பாருங்கள். சுவர்ப்பக்கம் மண் மெல்லியது. அறைகளும் பழுப்பு உறைகளும் குறுக்குவெட்டுப் படம் போலத் தெரியும். பூச்சிமருந்து அடிப்பது வீண், மண்ணைத் தாண்டி உள்ளே போகாது.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. சுவிட்ச்போர்டானால் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஏசி வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்சுவரில் வழியும். கேஸ் அடுப்பின் காற்றுத் துளையில் மண் இருந்தால் சுடர் மஞ்சளாகும். கம்பியால் குத்தாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். இப்படிப்பட்ட துளைகளுக்கு 2 மி.மீ. கண்ணுள்ள வலை போதும்.

சிறு துளை என்று அலட்சியம் செய்ய முடியாது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் புறப்பட்ட பிர்கெனேர் 301 விமானம் கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் ஒன்று அடைபட்டு, வேகம் தவறாகக் காட்டியது. குழாய்களை மீட்க முடியவில்லை. விமானம் பல நாள் பறக்காமல் நின்றிருந்ததாலும், குழாய்களுக்கு உறை போடாமல் விட்டிருந்ததாலும், விசாரணையின் சந்தேகம் மண்குளவிக் கூட்டின் மீது விழுந்தது. நிறுத்திய விமானத்தின் பிட்டோ குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை மாட்டுவது இதுபோன்ற அடைப்புகளைத் தடுக்கத்தான்.